பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கெடு எழுதுங்கள்

போர்நிறுத்தப் பேச்சில் எதிரெதிரே உட்காரும் இரு தரப்புப் பிரதிநிதிகளுக்கும், நடுவே இருந்து வாசகங்களைத் தீட்டும் மத்தியஸ்தர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பள்ளி ஆசிரியர். போர் நடக்கும் இடங்களிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் என் வேலையில் ஒரு பகுதி. உங்களுக்கு அரசியல் ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எல்லைக்கோடு எங்கே போக வேண்டும், யார் எந்த ஆயுதத்தை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பாடு. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்க வேண்டும். அந்தப் பிரிவில் தேதி இருக்க வேண்டும், பொறுப்பாளர் யார் என்று இருக்க வேண்டும். "கல்விச் சேவைகள் விரைவில் வழமைக்குத் திரும்ப இரு தரப்பும் பாடுபடும்" என்ற ரகத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போகாதீர்கள். அதை நம்பி எந்தத் தலைமையாசிரியரும் மணி அடிக்க முடியாது.

"முதலில் துப்பாக்கி ஓயட்டும், பள்ளிக்கூடம் அப்புறம்" என்பீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் போர் தொடங்கிய ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, 2024 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது பள்ளிப் படிப்பையே முடித்திருக்க வேண்டிய வயதில் இருந்தது. ஏமனில் சண்டை பெரிதாக வெடித்தது 2015இல். அந்த வருடம் பிறந்த குழந்தை போர் இல்லாத ஒரு பள்ளி ஆண்டைக்கூடப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லும் 'அப்புறம்' வருவதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடுகிறது. 2024 கடைசியில் யுனிசெஃப் சொன்ன கணக்குப்படி, உலகக் குழந்தைகளில் ஆறு பேரில் ஒருவருக்கு மேல், அதாவது 47 கோடிக்கும் அதிகமானவர்கள், மோதல் நடக்கும் பகுதிகளில் வாழ்கிறார்கள். மோதல் உள்ள நாடுகளில் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் 5 கோடிக்கும் மேல்.

சட்டம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆக்கிரமிக்கும் அரசு குழந்தைகளின் கல்வி நிலையங்கள் சரியாக நடக்க உதவ வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் 50ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. உள்நாட்டுப் போரிலும் குழந்தைகளுக்குக் கல்வி கிடைக்க வேண்டும் என்று 1977இன் இரண்டாம் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. 1989இன் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 28ஆம் பிரிவு கல்வியை உரிமையாக்கியது. போர் வந்தால் அந்த உரிமை தள்ளிவைக்கப்படும் என்று அதில் எங்கும் எழுதியில்லை. ராணுவ இலக்காக இல்லாத பள்ளியை வேண்டுமென்றே தாக்குவது போர்க்குற்றம் என்கிறது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டம். ஐ.நா. பாதுகாப்பு அவை கல்விக்காகவே 2021இல் 2601ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரில் பள்ளிகளைத் தாக்காமலும் படைகள் பயன்படுத்தாமலும் காப்போம் என்று உறுதி சொல்லும், 2015இல் ஆஸ்லோவில் பிறந்த பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தை ஏறக்குறைய 120 நாடுகள் ஏற்றிருக்கின்றன. (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, இஸ்ரேல் ஆகியவை ஏற்காதவை. பெரிய படை வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன சங்கடமோ.) இவை எல்லாம் உலகத்துக்கே பொதுவாகப் பேசுகின்றன. ஆற்றங்கரையில் உள்ள அந்தக் குறிப்பிட்ட பள்ளியை எந்தத் தேதிக்குள் காலி செய்வது, அங்கே கணக்குப் பாடம் எடுப்பவருக்கு யார் சம்பளம் போடுவது என்று ஜெனீவாவிலிருந்து யாரும் எழுத முடியாது. அதை எழுதக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

எழுதியவர்களும் இருக்கிறார்கள். 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். எந்தத் தரப்பின் பிடியில் இருந்தாலும் பள்ளிக் கட்டடங்கள் காலி செய்யப்பட்டு, பள்ளியாகவே பயன்படத் திருப்பித் தரப்பட வேண்டும் என்று அதில் தனி வாசகம் உண்டு. கெடுவும் உண்டு: உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 160 நாள். அதற்கு முந்தைய வாசகத்தில் கோயில், தேவாலயம், மசூதி ஆகியவற்றைக் காலி செய்யக் கொடுத்த கெடு எவ்வளவு தெரியுமா? 30 நாள். சாமிக்கு ஒரு மாதம், பிள்ளைக்கு ஐந்து மாதத்துக்கு மேல். ஆகஸ்ட் தொடக்கத்தில் கெடு முடிந்தபோதும் எல்லாக் கட்டடங்களும் கைமாறியிருக்கவில்லை. இருந்தாலும் நான் அந்த வாசகத்தை மதிக்கிறேன். தேதி இருந்ததால்தான், தேதி தவறியது என்று கண்காணிப்பாளர்களிடம் போய்ச் சொல்ல முடிந்தது. 'விரைவில்' என்று எழுதியிருந்தால் புகார் சொல்லக்கூட வழி இருந்திருக்காது.

நேபாளத்தில் 2006 நவம்பரில் அரசும் மாவோயிஸ்டுகளும் செய்துகொண்ட விரிவான அமைதி ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. கல்விக் கூடங்களைக் கைப்பற்றிப் பயன்படுத்துவது, ஆசிரியர்களையும் மாணவர்களையும் கடத்துவது, காணாமல் ஆக்குவது எல்லாம் உடனடியாக நிறுத்தப்படும் என்றும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடைஞ்சலாகப் படைமுகாம் அமைக்க மாட்டோம் என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அது திடீரென்று வானத்திலிருந்து குதித்ததல்ல. பள்ளிகளை அமைதி மண்டலமாக்கும் இயக்கம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கே தொடங்கிவிட்டது. ஊர்க்காரர்களும் ஆசிரியர்களும் இரு தரப்பு ஆட்களிடமும் பேசி, பள்ளி வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது, ஆள்சேர்ப்பு கூடாது என்று நடத்தை விதிகளை எழுதி வாங்கினார்கள். கிராமத்து ஆசிரியருக்கு முடிந்தது, ஐந்து நட்சத்திர ஓட்டலில் கூடும் உங்களுக்கு முடியாதா என்ன?

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். படை ஏன் பள்ளியில் போய்த் தங்குகிறது? சுற்றுச்சுவர் இருக்கிறது, கிணறோ குழாயோ இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஊருக்கு நடுவில் இருக்கிறது, மொட்டை மாடியிலிருந்து சாலை தெரிகிறது. அவர்கள் போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பேச்சு மேசைக்கு வருவதில்லை. பெஞ்சுகள் அடுப்பில் எரிந்துபோயிருக்கும். வருகைப் பதிவேடு தேநீர் போட உதவியிருக்கும். ஜன்னலில் மணல் மூட்டை, கழிப்பறை அடைத்துக் கிடக்கும், விளையாட்டுத் திடலில் வெடிக்காத எதுவோ புதைந்திருக்கும். ஆகவே 'காலி செய்தல்' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் ஆகும். வெடிபொருள் அகற்றப்பட்டு, இடம் பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று தந்த பிறகுதான் ஒப்படைத்ததாகக் கணக்கு என்று எழுதுங்கள். பள்ளியை முகாமாக்குவதைத் தடுப்பது ராணுவ ரீதியாக நடக்காத காரியம் என்று உங்கள் தளபதிகள் சொன்னால், பிலிப்பைன்ஸ் 1992லேயே சட்டம் போட்டுத் தடுத்ததை நினைவூட்டுங்கள். கொலம்பியாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 2010இல் ராணுவத் தலைமையே அப்படி ஓர் உத்தரவு போட்டது. சத்தீஸ்கரில் பள்ளிகளில் தங்கியிருந்த பாதுகாப்புப் படையினரை வெளியேறச் சொல்லி இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது.

இனி சம்பளம். இதைத்தான் நீங்கள் எப்போதும் மறக்கிறீர்கள். கட்டடம் இல்லாவிட்டாலும் மரத்தடியில் வகுப்பு நடக்கும். உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் மெட்ரோ நிலையங்களுக்குள்ளேயே வகுப்பறை கட்டி நடத்துகிறார்கள். ஆசிரியர் இல்லாவிட்டால் எங்கே நடத்துவது? ஏமனில் 2016 செப்டம்பரில் மத்திய வங்கி ஹூதி கிளர்ச்சியாளர்களின் பிடியில் இருந்த சனாவிலிருந்து, அரசின் கையில் இருந்த ஏடனுக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு வடக்கில் அரசு ஊழியர் சம்பளம் நின்றது. ஏறக்குறைய 1,70,000 ஆசிரியர்கள், நாட்டின் ஆசிரியர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, வருடக்கணக்கில் ஒழுங்கான ஊதியம் இல்லாமல் போனார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள் உண்டு, காலையில் பள்ளி மாலையில் மூட்டை தூக்குதல் என்று இருந்தவர்கள் உண்டு. ஒரு குண்டுகூட விழாத ஊரிலும் பள்ளி இப்படித்தான் செத்தது.

அங்கே 2022 ஏப்ரலில் சண்டை நிறுத்தம் வந்தது. இரண்டு முறை நீட்டித்தார்கள். அக்டோபரில் காலாவதியானது. நீட்டிக்க முடியாமல் போனதற்கு முக்கியமான முட்டுக்கட்டையே சம்பளப் பிரச்சினைதான்: அரசு ஊழியர்களோடு படையினருக்கும் சேர்த்துச் சம்பளம் தர வேண்டும் என்று ஹூதி தரப்பு கேட்டது, மறுதரப்பு ஒப்பவில்லை. எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் அதில் பளிச்சென்று தெரிகிறது. ஆசிரியர் சம்பளத்தைச் சிப்பாய் சம்பளத்தோடு ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டும் சேர்ந்து கவிழும். பிரித்து எழுதுங்கள். பணம் ஆயுதத்துக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. அதே ஏமனில் 2019இல் யுனிசெஃப் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் மாதம் 50 டாலருக்குச் சமமான ஊக்கத்தொகையை நேரடியாகவே கொடுத்தது. போதுமான தொகை இல்லைதான். ஆனால் இரு தரப்பின் கஜானாவையும் தொடாமல் பணம் ஆசிரியர் கைக்குப் போக முடியும் என்பது அதில் தெரிந்துவிட்டது.

திரும்பவும் இலங்கைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் அந்த நாடு ஒரு விசித்திரமான உதாரணம். இரு தரப்பும் வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்த்தார்கள். அதே நேரத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. அரசின் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளை அங்கிருந்த பிள்ளைகளும் எழுதினார்கள். பொற்காலம் என்று நான் வர்ணிக்கவில்லை. வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பள்ளி மீது 1995 செப்டம்பர் 22 அன்று விமானப்படை குண்டு போட்டு மாணவர்கள் இறந்ததும் அந்தப் போரில்தான். பள்ளிப் பிள்ளைகளைப் புலிகள் படைக்குப் பிடித்துக்கொண்டு போனதும் அந்தப் போரில்தான். அவ்வளவு நடந்தும், வினாத்தாள் ஒன்றாகவே இருந்தது. மதிப்பெண் பட்டியலில் ஒரே முத்திரைதான் இருந்தது. வன்னியில் எழுதிய தேர்வு வெளியே எங்கும் செல்லுபடியானது.

சூடானைப் பார்த்தால் இதன் அருமை புரியும். 2023 ஏப்ரலில் போர் தொடங்கியபின் பள்ளி இறுதிச் சான்றிதழ் தேர்வு நடக்கவே இல்லை. 2024 டிசம்பர் கடைசியில்தான் ராணுவத்தின் பக்கம் உள்ள அரசு அதை நடத்தியது, அதுவும் தன் பிடியில் உள்ள பகுதிகளிலும் வெளிநாட்டு மையங்கள் சிலவற்றிலும். ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் துணைப்படையான விரைவு ஆதரவுப் படையின் கட்டுப்பாட்டில் இருந்த பெரும் பகுதியில் தேர்வு மையமே இல்லை. போர்க்கோடு எந்தப் பக்கம் வந்து நின்றது என்பதை வைத்து ஒரு மாணவி பல்கலைக்கழகத்துக்குப் போவதா இல்லையா என்று முடிவாகிறது. காசாவில் 2024இல் சுமார் 39,000 பேர் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. சிரியாவில் ஒன்பதாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அரசுத் தேர்வு எழுதுவதற்காக, பிள்ளைகள் சண்டைக் கோட்டைத் தாண்டி, சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக நின்று மறுபக்கம் போனார்கள். இந்தப் பக்கம் தரும் சான்றிதழை வெளியே யாரும் மதிப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். உயிரைவிடச் சான்றிதழ் பெரிதா என்று கேட்கலாம். அந்த வயதில், அந்த நிலையில், ஊரை விட்டு வெளியே போக இருக்கிற ஒரே கதவு அதுதான்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரியவர்கள் புத்தகப் பையை விடக் கவனமாக வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் உறையைத்தான். அதற்குள் மடிப்பு மடிப்பாக ஒரு மதிப்பெண் பட்டியல், சில சமயம் அதன் போட்டோ நகல், சில சமயம் வெறும் போன் படம். சேர்க்கை மேசையில் இருப்பவர் முதலில் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. முத்திரையைத்தான் பார்க்கிறார். உலகம் அங்கீகரிக்காத நிர்வாகத்தின் முத்திரை என்றால் தாளைத் திருப்பி நீட்டிவிடுவார். இயற்பியலில் தொண்ணூற்று மூன்று வாங்கிய பெண் பிள்ளை அந்த மேசை முன்னால் எதுவுமே படிக்காதவளாக நிற்கிறாள். ஆவணம் இல்லாத அகதிகளின் படிப்பையும் மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று 1997இன் லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கை சொல்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி மாணவர்களைச் சேர்ப்பதற்கென்றே உக்ரைன் தனி மையங்கள் வைத்திருக்கிறது. செய்ய நினைத்தால் செய்யலாம். ஒப்பந்தத்தில் இதற்குத் தேவை இரண்டு வரி: போர்க்காலத்தில் எந்தத் தரப்பின் பகுதியில் படித்து முடித்த வகுப்பையும் மறுதரப்பு ஏற்கும், அடுத்த பொதுத் தேர்வு இரு பக்கமும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் நடக்கும்.

ஒரே வினாத்தாள் என்றதும் யாருடைய வரலாறு என்று கேட்பீர்கள். எதிர்பார்த்ததுதான். வரலாற்றுக்காக அடித்துக்கொண்டு கணக்கையும் அறிவியலையும் நிறுத்தி வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். வரலாற்றுத் தாளைச் சில வருடம் தள்ளிப் போட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் ஒரேயடியாக மறந்தும் விடாதீர்கள். போஸ்னியாவில் 1995இன் டேட்டன் ஒப்பந்தம் போரை நிறுத்தியது, உண்மை. பள்ளியை யார் நடத்துவது என்பது மட்டும் கீழ்மட்ட நிர்வாகங்களின் கைக்குப் போய்ச் சிதறியது. விளைவு, 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி' என்று அங்கே சொல்கிற ஏற்பாடு. கட்டடம் ஒன்று, வாசல் இரண்டு, அல்லது காலையில் ஓர் இனம் மாலையில் மற்றோர் இனம். பாடத்திட்டம் வேறு, ஆசிரியர் அறை வேறு. ஒரு காலத்தில் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. போருக்குப் பிறகு பிறந்தவர்கள் பெற்றோர் ஆன பிறகும் அந்த ஏற்பாடு முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

வயது தாண்டிய பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு வருடம் பள்ளியைப் பார்க்காத பதிமூன்று வயதுப் பையனை எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்துப் பாருங்கள். முழங்கால் பெஞ்சுக்கு அடியில் போகாது. சில்லறைக் கணக்கை என்னைவிட வேகமாக மனத்தில் போட்டுவிடுவான், ஏனென்றால் கடையில் நின்றிருக்கிறான். அதே கழித்தலைக் கரும்பலகையில் எழுதச் சொன்னால் எழுந்து வர மாட்டான். ஒரு மாதம் பார்ப்பான், அப்புறம் நின்றுவிடுவான். துப்பாக்கியைக் கொடுக்கிறவர்களுக்கு இந்த வயதுதான் தேவை, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு ஆண்டுப் பாடத்தை ஓராண்டில் முடிக்கும் துரித வகுப்புகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. படைகளிலிருந்து விடுவிக்கப்படும் சிறுவர்களுக்கு என்று ஒப்பந்தத்தில் நீங்கள் ஏதாவது எழுதுவீர்கள். அந்தப் பத்தியிலேயே துரித வகுப்பையும் சேர்த்துவிடுங்கள், தனியாகத் தேட வேண்டாம்.

அப்புறம் பழிவாங்கல். மியான்மரில் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஏராளமான ஆசிரியர்கள் வேலையைப் புறக்கணித்து வெளியேறினார்கள். ராணுவப் பள்ளியில் பாடம் எடுத்தால் ஒரு தரப்புக்குத் துரோகி, எதிர்த்தரப்புப் பள்ளியில் எடுத்தால் மறுதரப்புக்குக் குற்றவாளி. நாளைக்கு எங்கே சமாதானம் வந்தாலும் இந்தக் கேள்வி வரும். எந்தப் பள்ளியில் கற்பித்தார், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்காக மட்டும் யார் மீதும் வழக்கு இல்லை, பணிநீக்கம் இல்லை என்று பொது மன்னிப்புப் பிரிவில் எழுதிவிடுங்கள். ஆயுததாரிகளுக்கே மன்னிப்பு எழுதும்போது எழுத்தறிவித்தவருக்கு எழுதக் கை கூசக் கூடாது.

ஏற்கெனவே ஒப்பந்தத்தில் ஏகப்பட்ட பிரிவுகள், இதையும் சேர்த்தால் கவிழ்ந்துவிடும் என்று உங்களில் அனுபவசாலிகள் சொல்லலாம். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. ஏவுகணை எத்தனை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சரிபார்க்க நிபுணர் வேண்டும். பள்ளி காலியாகிவிட்டதா என்று பார்க்க அந்தத் தெருவில் நடந்துபோகிற கிழவி போதும். இவ்வளவு சுலபமாகச் சோதிக்கக்கூடிய வாக்குறுதி உங்கள் தாளில் வேறு எது இருக்கிறது? ஒருவர் மீது ஒருவருக்கு நம்பிக்கையே இல்லாத இடத்தில் முதல் வாரத்தில் செய்து காட்ட ஏற்றது இதுதான். செலவும் உங்கள் மற்றப் பிரிவுகளோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனாலும் உலகம் தரும் மனிதாபிமான நிதியில் கல்விக்குப் போவது மிகச் சிறிய பங்குதான். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒன்றுக்கு நிதி தரும் நாடுகளும் எளிதில் பணம் ஒதுக்குவதில்லை.

வரைவாளர்களுக்கு நேரம் இல்லை என்று தெரியும். ஆகவே நானே ஒரு வாசகம் எழுதித் தருகிறேன், சட்ட மொழிக்கு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்:

"இரு தரப்பும் தம் பிடியில் உள்ள பள்ளிகளின் பெயர்ப் பட்டியலைக் கையெழுத்தான ___ நாளுக்குள் கண்காணிப்புக் குழுவிடம் தரும், ___ நாளுக்குள் அவற்றைக் காலி செய்து, வெடிபொருள் அகற்றி, எழுத்துச் சான்றுடன் ஒப்படைக்கும், மீண்டும் எந்தக் காரணத்துக்காகவும் அங்கே படை தங்காது. ஆசிரியர் ஊதியம் படையினர் ஊதியத்திலிருந்து பிரிக்கப்பட்டு, ___ அமைப்பு வழியாக, ___ மாதத்திலிருந்து நேரடியாக வழங்கப்படும். போர்க்காலக் கல்வித் தகுதிகளை இரு தரப்பும் ஏற்கும். அடுத்த பொதுத் தேர்வு ___ தேதியில் இரு பகுதிகளிலும் ஒரே நேரத்தில் நடைபெறும். வினாத்தாளும் விடைத்தாளும் தடையின்றிச் செல்ல வழி தரப்படும். கற்பித்ததற்காகவோ கற்றதற்காகவோ யாரும் தண்டிக்கப்படமாட்டார்."

கோடிட்ட இடங்களை நிரப்பும்போது ராணுவ வரைபடத்துக்குப் பக்கத்தில் பள்ளி நாட்காட்டியையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிவது பள்ளி திறக்கும் நாளுக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னோர் ஆண்டு போய்விடும். இரு பக்கத்திலிருந்தும் தேர்வுத் துறை ஆள் ஒருவரை அழைத்து மேசையில் உட்கார வையுங்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வேகம் உங்களை ஆச்சரியப்படுத்தும். வினாத்தாள் கட்டை எப்படிச் சீல் வைப்பது, எந்த வண்டியில் அனுப்புவது என்பதில் அவர்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்